பனியிலை அஞ்சு வீடு

பனியிலை கார் ஓடுறது ஏதோ பெரிய வித்தை எண்டு கதைக்கிற ஆக்களைக் கண்டால் எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும். அதிலை ஒரு வித்தையும் இல்லை. கை பதறக்கூடாது, கால் பதறக்கூடாது, வாய் சும்மா இருக்கவேணும். என்ரை மனுசனுக்கு இந்த மூண்டும் வராது. இதை அவருக்கு நேரை பாத்தே கனதரம் சொல்லியிருக்கிறன், ஆனபடியா ஒளிச்சுக் கதைக்கிறன் எண்டு ஒருத்தரும் என்னைச் சொல்லேலாது.

நாங்கள் மன்னாரிலையிருந்து டென்மார்க்குக்கு வந்தது எண்பதுகளின்ரை நடுவிலை. வைலே எண்ட பட்டணத்துக்கு வெளியிலை ஒரு சின்ன ஊர். மூண்டு மாடிக் கட்டடம், அதிலை எங்களோடை சேத்து மூண்டு தமிழ்க் குடும்பம். டென்மார்க் தட்டையான நாடு எண்டு வகுப்பிலை படிப்பிச்சவை. படிப்பிச்ச ஆள் வைலேப் பக்கம் வந்ததில்லைப் போலை. எங்கடை ஊரிலை கடைக்குப் போறதெண்டாலும் ஒரு இறக்கம், திரும்பி வாறதெண்டால் ஒரு ஏத்தம். வெய்யில் காலத்திலை வடிவான இடம்தான். பனி விழுந்துதோ, அந்த வடிவை வைச்சு ஒண்டும் செய்யேலாது.

மனுசன் ஊரிலை வாடகைக் கார் ஓடினவர். மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலை கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன் எண்டு சொல்லுவார். இஞ்சை வந்து ஒரு பழைய சிவப்புக் கார் எடுத்தார். முதல் மாரியிலையே, கடைக்குப் போற இறக்கத்திலை, முயலொண்டு குறுக்கை ஓடினதெண்டு பிரேக்கிலை ஏறி நிண்டார். முயல் தப்பீட்டுது. கார் ஒரு முழு வட்டம் அடிச்சுப்போட்டு லைட் கம்பத்திலை போய்ச் சாஞ்சுது. அண்டையிலையிருந்து நவம்பர் பிறந்தால் காருக்கு மேலை படங்கு போட்டுக் கயித்தாலை கட்டிவிடுவார். ஏப்ரில் வரைக்கும் கார் நித்திரை. கேட்டால், "பனியிலை ஓடுறது எங்கடை சாதிசனத்துக்குச் சரிவராது" எண்டுவார். தனக்குச் சரிவராததை முழுச் சனத்துக்கும் எழுதி வைக்கிற ஆள்.

நான் ஊரிலை சைக்கிள் மட்டும்தான் ஓடினனான். கார் பழகினது இஞ்சைதான். அது நல்லதாப் போச்சு, ஏனெண்டால் மறக்கிறதுக்கு என்னட்டை ஒண்டும் இருக்கேல்லை. கார் பழக்கினவர் ஒரு நாள் எங்கள் நாலு பேரை எண்ணெயும் தண்ணியும் ஊத்தி வழுக்க வைச்ச ஒரு திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கை காரை வேகமா விட்டு, வழுக்க விட்டு, பிறகு காப்பாத்திக் காட்டவேணும். முதல் நாலு தரமும் நான் சுத்தினன். பக்கத்திலை இருந்து அந்த மனுசன் "காலை எடு! காலை எடு!" எண்டு கத்தினார். பயம் வந்தால் கால் பிரேக்கைத்தான் தேடும். சில்லு உருளாமல் இறுகினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் பிரயோசனமில்லை, கார் தன்ரை பாட்டிலை போகும். அஞ்சாம் தரம் காலை எடுத்தன், கிளட்சை மட்டும் மிதிச்சன், போகவேண்டிய பக்கத்தைப் பாத்தன். கார் சொல்வழி கேட்டுது. அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசம் கலியாணத்திலையும் வரேல்லை. இதையும் மனுசனுக்குச் சொல்லியிருக்கிறன்.

லைசென்ஸ் கிடைச்ச கையோடை, முதியோர் இல்லத்திலை சட்டி கழுவிக்கொண்டிருந்த நான், வயசுபோன ஆக்களின்ரை வீடுகளுக்குப் போய் உதவி செய்யிற வேலைக்கு எழுதிப் போட்டன். கொம்மூன எண்டுறது எங்கடை ஊர்ச் சபை மாதிரி, அவைதான் அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறது. எடுத்தினம். ஆனா மூண்டு மாசம் பாத்துப்போட்டுத்தான் நிரந்தரமாக்கிறதெண்டு சொல்லிச்சினம். எனக்குத் தந்தது ஊருக்கு வெளியிலை தோட்டக் காணியளுக்கை இருக்கிற அஞ்சு வீடு. கார் இல்லாமல் ஏலாது. நவம்பரிலை வேலை தொடங்கினன். அண்டைக்கே படங்கை அவிட்டுச் சுருட்டி நிலவறையிலை எறிஞ்சன். மனுசன் ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை.

எங்களுக்குப் பொறுப்பா இருந்த அம்மா நல்ல உயரம். குரல் மெதுமையானது, பேனை பொல்லாதது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைக் கூப்பிட்டு இருத்தி, "பனி வந்தால் என்ன செய்வாய்?" எண்டு கேப்பா. "ஓடுவன்" எண்டு சொல்லுவன். சிரிச்சுக்கொண்டே ஏதோ எழுதுவா. ஒரு நாள் அவ போன் கதைக்கிற நேரம் பாத்து அந்தத் தாளை எட்டிப் பாத்தன். சூடான நாட்டிலையிருந்து வந்தவர், பனியிலை ஓடுவது சந்தேகம், எண்டு கிடந்தது. அதையே கிழமைக்குக் கிழமை எழுதியிருக்கிறா. அந்த வருசம் தை மாசக் கடைசி வரைக்கும் பெரிசாப் பனி விழேல்லை. விழாத பனியிலை நான் எப்பிடி ஓடிக் காட்டுறது?

மூண்டு மாசம் முடியிற வெள்ளிக்கிழமை கடைசித் தாள் நிரப்பவேணும். சரிவந்தால் வேலை எனக்கு. சரிவராட்டில் திரும்பவும் சட்டி கழுவப் போகவேணும். சட்டி கழுவுறது கேவலமில்லை. இவள் ஓட ஏலாதவள் எண்டு எழுதி வைச்சுப்போட்டு என்னைச் சட்டி கழுவ விடுறதுதான் கேவலம். அதை நான் விடுறதா இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பனி தொடங்கிச்சுது. பின்னேரம் காத்தும் சேந்துது. வெள்ளிக்கிழமை விடிய எழும்பி யன்னலாலை பாத்தால் கீழை நிண்ட சைக்கிளெல்லாத்தையும் காணேல்லை, பனி மூடிப்போட்டுது. எனக்கு உள்ளுக்கை ஒரு சந்தோசம். வா, வா, உன்னைத்தான் மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு தேத்தண்ணி வைச்சன்.

மனுசன் வழக்கம்போலை ரேடியோவைப் போட்டார். கேட்டு விளங்கிறதிலை அவர் என்னைவிடக் கெட்டிக்காரன். கொஞ்ச நேரம் காதை வைச்சுக் கேட்டார். பிறகு எழும்பி குசினி லைட்டை நூத்தார். பிறகு கூடத்து லைட்டையும் நூத்துப்போட்டு யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"என்னப்பா?" எண்டு கேட்டன்.

"ஊரடங்கு" எண்டார். "பொலிஸ் அறிவிச்சிருக்கு. ஒருத்தரும் வெளியிலை போகக்கூடாதாம். வீட்டுக்குள்ளை இருக்கட்டாம்."

இதை வாசிச்சுப்போட்டு இப்ப ஆரும் சிரிக்கலாம். நாங்கள் அண்டைக்குச் சிரிக்கேல்லை. விடியக்காலமை ரேடியோ, பொலிஸ், வெளியிலை வராதேங்கோ: இந்த மூண்டையும் சேத்து வைச்சால் எங்களுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் தெரியும். ஊரிலை இப்பிடி ஒரு விடியலிலை, அறிவிச்சது தெரியாமல் பால் வாங்கப் போன அவரின்ரை தம்பி இண்டைவரைக்கும் திரும்பி வரேல்லை. அந்த மனுசன் லைட்டை நூத்ததிலை என்ன பிழை? தும்புத்தடியாலை முகட்டிலை ரெண்டுதரம் இடிச்சார். மேல்வீட்டு அண்ணை காலுறையோடை சத்தம் போடாமல் இறங்கி வந்தார். ரெண்டு பேரும் குசுகுசுத்தினம். பத்து நிமிசத்திலை மூண்டு தமிழ் வீடும் இருட்டு. மேல்வீட்டு அக்கா குளிக்கிற தொட்டிக்குத் தண்ணி நிரப்பிற சத்தம் குழாய்க்குள்ளாலை கேட்டுது. முன்பக்கத்து டெனிஷ்காரர் வீடுகளிலை லைட் எரிஞ்சுகொண்டிருந்தது, அதை எங்களிலை ஒருத்தரும் யோசிச்சுப் பாக்கேல்லை.

நான் இருட்டுக்கை நிண்டு சப்பாத்துப் போட்டன்.

"எங்கை வெளிக்கிடுறீர்?"

"வேலைக்கு."

"உமக்கென்ன விசரே? ஊரடங்கு எண்டு சொல்லுறன்!"

"ஊரடங்கு எண்டாலும் ஊரிலை நர்சுமார் போனவைதானே? ஆஸ்பத்திரி ஆக்களை விட்டவங்கள்தானே?"

"அவையிட்டைப் பாஸ் இருந்தது. உம்மட்டை என்ன இருக்கு?"

"என்னட்டை வெள்ளைச் சட்டை இருக்கு" எண்டு சொல்லி வேலைச் சட்டையைக் கோட்டுக்கு மேலாலை போட்டன். கோட்டுக்கு மேலை அது ஏறமாட்டன் எண்டுது. இழுத்துப் போட்டன்.

அவர் கதவுக்குக் குறுக்கை நிண்டார். "இந்த ஒரு நாள் போகாட்டில் என்ன? உயிரை விட வேலை பெரிசோ?"

"இந்த ஒரு நாள்தான் எனக்கு இருக்கு" எண்டன். "இண்டைக்குப் பின்னேரம் அந்தத் தாளை நிரப்பப் போயினம். பனி விழுந்த முதல் நாளே வரேல்லை எண்டு எழுதுவினம். எழுத விடமாட்டன். தள்ளுங்கோ."

எனக்குப் பயம் இல்லை எண்டு சொன்னால் பொய். ஆனா கோவம் பயத்தைவிடக் கூட இருந்தது. அங்கையும் வீட்டுக்குள்ளை இரு, இஞ்சையும் வீட்டுக்குள்ளை இரு. ஒரு மனிசி எத்தினை நாட்டிலைதான் வீட்டுக்குள்ளை இருக்கிறது? அவரைக் கையாலை விலத்திப்போட்டு இறங்கினன். "மாதாவே" எண்டு அவர் சொன்னது படியிலை கேட்டுது.

கார் பனிக்குள்ளை புதைஞ்சு கிடந்தது. மண்வெட்டியாலை முதல் புகைக்குழாயைத் தோண்டி எடுத்தன். அது அடைபட்டிருக்கக் காரை முடுக்கினால் புகை உள்ளுக்கை வந்து ஆளை முடிச்சுப்போடும். பிறகு கூரை, பிறகு கண்ணாடி. சிலபேர் கண்ணாடியிலை ஒரு முகம் பாக்கிற அளவுக்குச் சுரண்டிப்போட்டு அதாலை எட்டிப் பாத்து ஓடுறவை. அவையளுக்கு லைசென்ஸ் குடுத்தவனைத்தான் பிடிச்சு உதைக்கவேணும். நான் நாலு பக்கமும் சுரண்டினன். லைட்டுகளைத் துடைச்சன். பின்பெட்டியிலை ரெண்டு மூட்டை மணல், ஒரு கம்பளி, ஒரு சுடுதண்ணிப் போத்தல். எங்கடை காருக்குப் பின்சில்லுதான் இழுக்கிறது, பின்னுக்குப் பாரம் இல்லாட்டில் அது நிண்ட இடத்திலை சுத்தும். ஏற முதல் சப்பாத்தின்ரை அடியைத் தட்டித் தட்டித் துடைச்சன், மிதிக்கிற நேரம் கால் வழுக்கக்கூடாது. ரெண்டாவது கியரிலை, முட்டையிலை கால் வைக்கிறமாதிரி மெல்ல மிதிச்சன். கார் அசைஞ்சுது.

பெரிய றோட்டிலை ஒரு கார் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை, ஒரு குருவி இல்லை. பாத்தியோ, உண்மையாத்தான் ஊரடங்கு எண்டு நினைச்சன். காத்து பனியைக் குறுக்கை அள்ளி எறிஞ்சுது. மூண்டாவது கியருக்கு மேலை போகேல்லை. கடைக்குப் போற இறக்கத்திலை, மனுசன் கம்பத்தைப் பிடிச்ச அதே இடத்திலை, கார் இடப்பக்கம் விலத்தத் தொடங்கிச்சுது. கால் பிரேக்கைத் தேடிப் போச்சு. "காலை எடு!" எண்டு நானே தமிழிலை கத்தினன். எடுத்தன். கிளட்சை மிதிச்சு, றோட்டைப் பாத்து, கொஞ்சமாத் திருப்பினன். வழிக்கு வந்துது. கம்பத்தைத் தாண்டேக்கை அதுக்கு ஒரு பேச்சுக் குடுத்தன். என்ன பேச்சு எண்டு எழுதமாட்டன்.

அடுத்த சந்தியிலைதான் நீல லைட்டைக் கண்டன். பொலிஸ் கார் ஒண்டு, பக்கத்திலை ரெண்டு பேர் நிக்கினம்.

முடிஞ்சுது எண்டு நினைச்சன். மன்னார்ப் பக்கத்திலை காவலரணைக் கண்டால் என்ன செய்யவேணும் எண்டு ஆரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தூரத்திலையே நிப்பாட்டவேணும். பெரிய லைட்டை நூக்கவேணும். உள்லைட்டைப் போட்டு உன்ரை முகத்தைக் காட்டவேணும். கை ரெண்டும் வெளியிலை தெரியவேணும். எல்லாத்தையும் ஒழுங்காச் செய்தன். மெல்ல மெல்லப் பிரேக்கைத் தட்டித் தட்டி ஒரு ஐம்பது மீற்றர் தள்ளி நிப்பாட்டி, லைட்டை நூத்து, உள்லைட்டைப் போட்டு, கை ரெண்டையும் தூக்கிக்கொண்டு இருந்தன். அதுக்கை உந்த இழவு வெள்ளைச் சட்டை ரெண்டு தோளையும் பிடிச்சு இறுக்குது.

ஒரு பொலிஸ்காரன் பனிக்குள்ளாலை நடந்து வந்தான். சின்னப் பெடியன், மூக்குச் சிவந்து போய் இருந்தது. யன்னலைத் தட்டினான். கையை இறக்கினால்தானே யன்னலைத் திறக்கலாம், இறக்க எனக்குப் பயம். அவன் தானே கதவைத் திறந்து, "சுகமில்லையா?" எண்டு கேட்டான். நான் எனக்குத் தெரிஞ்ச டெனிஷ் எல்லாத்தையும் ஒரே மூச்சிலை கொட்டினன். வயசுபோன ஆக்கள், அஞ்சு வீடு, நான் வேலைக்காரி, கொம்மூன, நான் நல்ல மனிசி. அடையாள அட்டையை நீட்டினன். அவன் அதை வாங்கக்கூட இல்லை. என்ரை தூக்கின கையைப் பாத்தான், பிறகு என்ரை காரின்ரை முன்பக்கத்தைப் பாத்தான். பாத்துப்போட்டுப் பேசினான் பார் ஒரு பேச்சு: பனிக்குள்ளை லைட்டை நூத்துப்போட்டு றோட்டிலை நிக்கிறாயே, பின்னாலை வாறவனுக்கு உன்னை எப்பிடித் தெரியும்? இனி ஒருக்காலும் இப்பிடிச் செய்யாதை, எண்டு. பிறகு முன்னாலை மஞ்சள் லைட்டோடை நிண்ட பனி தள்ளுற லொறியைக் காட்டி, அதுக்குப் பின்னாலை போ, கிட்டப் போகாதை, எண்டு சொன்னான்.

லைட்டைப் போட்டன். பொலிஸ்காரன் ஒருத்தன் என்னை நிப்பாட்டி, என்ரை உயிருக்காக என்னைப் பேசினது அதுதான் முதல்தரம். வெள்ளைச் சட்டையைக் கண்டுதான் விட்டவன் எண்டு நம்பிக்கொண்டு லொறிக்குப் பின்னாலை போனன்.

முதல் நாலு வீடும் முடிச்சன். ஒவ்வொரு வீட்டிலையும் கதவைத் திறந்த உடனை ஒரே கதை: "நீ வந்திட்டியா! இண்டைக்குமா!" நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "ஓம், வந்தனான். என்னை ஒருத்தரும் நிப்பாட்டேலாது" எண்டு சொன்னன். கட்டில் விரிச்சன், கோப்பி போட்டன், காலுக்குத் துணி சுத்தினன், குப்பையை எடுத்தன். ஊரடங்கை உடைச்சுக்கொண்டு வந்த பெருமை எனக்குத் தலைக்குமேலை ஏறி இருந்தது. அதை மறைச்சு என்ன?

அஞ்சாவது வீடு ஒரு மேட்டிலை. கீழை றோட்டிலையிருந்து அங்கை ஏற நேரான ஒரு ஒழுங்கை, இருநூறு மீற்றர் வரும். லொறி அதிலை ஏறேல்லை. காத்து மேற்பனியைத் துடைச்சுப்போட்டு, கீழை கண்ணாடிமாதிரி ஐஸை விட்டிருந்தது. நான் காரை நிப்பாட்டி இறங்கி, சப்பாத்தாலை உரசிப் பாத்தன். ரெண்டு பக்கமும் பள்ளம். வேகம் எடுத்து ஏறினால் ஏறலாம். எனக்கு ஆசையும் வந்துது, பொய் சொல்லமாட்டன். அண்டைக்கு நான் இருந்த இருப்பிலை மலையிலையும் ஏத்தியிருப்பன். ஆனா அந்த மேட்டிலை வாசல் சின்னன், திருப்ப இடமில்லை, பின்பக்கமா இறக்கவேணும். நடுவிலை வழுக்கினால் பள்ளம். காரை றோட்டை விட்டு ஒதுக்கி, லைட்டைப் போட்டபடி விட்டன். ஒரு மூட்டை மணலைத் தோளிலை தூக்கிக்கொண்டு, போற வழியெல்லாம் தூவித் தூவி நடந்தன்.

அந்த வீட்டிலை இருந்தவ எண்பது தாண்டின ஒரு அம்மா. இடுப்பு எலும்பு பிழைச்சுப்போய், ஆராவது வந்து தூக்கி எழுப்பாமல் கட்டிலாலை இறங்கேலாது. நான் போகேக்கை அடுப்பு நூந்து வீடு விறைச்சுக் கிடந்தது. அவ போர்வையைக் கழுத்துமட்டும் இழுத்து மூடிக்கொண்டு முகட்டைப் பாத்தபடி கிடந்தா. உதடு நீலம். என்னைக் கண்டதும் அழத் தொடங்கீட்டா. எண்ணெய் அடுப்பைக் கொழுத்தி, அவவைத் தூக்கி இருத்தி, சுடச்சுடக் கோப்பியைக் குடுத்தன்.

"பொலிஸ் பிடிக்கேல்லையோ எண்டு கேளுங்கோவன்" எண்டு நானே பெருமையா எடுத்துவிட்டன்.

"ஏன் பிடிக்கவேணும்?" எண்டா.

ரேடியோவிலை சொன்னதைச் சொன்னன். லைட்டை நூத்ததை, தொட்டிக்குத் தண்ணி நிரப்பினதை, கையைத் தூக்கினதை எல்லாம் சொன்னன். அவ கோப்பையை மெல்ல வைச்சா. "பிள்ளை, அது பனிக்காகச் சொன்னது. அவசியமில்லாமல் ஒருத்தரும் கார் எடுக்கவேண்டாம் எண்டு. ஒவ்வொரு மாரியிலும் சொல்லுவினம். ஒருத்தரையும் பிடிக்கமாட்டினம்."

நான் சிரிச்சன். சிரிச்சுச் சிரிச்சு அந்தச் சிரிப்பு எங்கையோ வழிமாறி, அழுகையாப் போச்சு. அவ சிரிக்கேல்லை. ரெண்டாம் உலகப்போரிலை ஜெர்மன்காரர் இஞ்சை வந்து இருந்த காலத்திலை தங்களுக்கும் ஊரடங்கு இருந்தது எண்டும், தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கிற நேரம் தான் சைக்கிளிலை மருத்துவிச்சியைக் கூப்பிடப் போனனான் எண்டும் சொன்னா. "பயந்தியளோ?" எண்டு கேட்டன். "சரியாப் பயந்தனான். போனனான்" எண்டா. மத்தியானச் சாப்பாட்டைச் சூடாக்கி வைச்சுப்போட்டு இறங்கினன்.

கொம்மூனக் கந்தோருக்குப் போகேக்கை ரெண்டு மணி. பொறுப்பான அம்மா மட்டும் இருந்தா. வீடு கிட்ட, நடந்து வந்திருக்கிறா. என்னைக் கண்டதும் எழும்பினா. மூண்டு மாசத்திலை முதல்தரமா அந்தக் குரல் உயந்தது.

"எங்கை போனனீ? விடியத்தொடக்கம் உன்ரை வீட்டுக்கு ஆறுதரம் போன் எடுத்தன்! வரவேண்டாம் எண்டு சொல்லத்தான் எடுத்தன்! ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

ஏன் எடுக்கேல்லை எண்டு எனக்கு உடனை விளங்கீட்டுது. ஊரடங்கு நேரம் போன் அடிச்சால் ஆர் எடுப்பினம்? பிறகு வீட்டை போய்த்தான் முழுக்கக் கண்டன். போனுக்கு மேலை தலையணையை அமத்தி வைச்சுப்போட்டு, சப்பாத்தும் கோட்டும் போட்டபடி, என்னைத் தேடிப் பொலிசுக்குப் போகவேணும் எண்டு என்ரை பத்திரங்களையெல்லாம் மடியிலை வைச்சுக்கொண்டு, அந்த மனுசன் கதவுக்குப் பின்னாலை ஏழு மணித்தியாலம் இருந்திருக்கிறார். அதை நினைச்சால் இப்பவும் எனக்கு நெஞ்சு நோகும். போனதுக்கு நான் வருத்தப்படேல்லை. ஆனா நோகும்.

அந்த அம்மா மற்ற ஆக்கள் எல்லாரும் வீட்டிலை நிக்கினம் எண்டா. ஒருத்தரையும் தான் குறை சொல்லேல்லை எண்டா. நீ பள்ளத்துக்கை கிடந்தால் நான் என்ன பதில் சொல்லுறது எண்டா. பிறகு இருந்து, அந்தக் கடைசித் தாளை எடுத்துப் பேனையைத் திறந்தா. "எப்ப நிக்கவேணும் எண்டு தெரியாத ஆளை நான் றோட்டிலை விடேலாது. மன்னிச்சுக்கொள், இதை நான் எழுதத்தான் வேணும்."

கதிரையிலை இருக்கச் சொன்னா, நான் இருக்கேல்லை. என்ரை டெனிஷ் அண்டைக்கு எங்கையிருந்து வந்துதோ தெரியாது.

"மூண்டு மாசமா எனக்குப் பனியிலை ஓடத் தெரியாது எண்டு எழுதினீங்கள். இண்டைக்கு ஓடினன். இப்ப எனக்கு நிக்கத் தெரியாது எண்டு எழுதப் போறீங்கள். ஏதாவது ஒண்டை எழுதுங்கோ! அதுக்குக் கீழை இதையும் எழுதுங்கோ. அஞ்சு வீடு போனாள், அஞ்சு பேருக்கும் கோப்பி குடுத்தாள், காரிலை ஒரு கீறல் இல்லை. அவசியமில்லாமல் போகவேண்டாம் எண்டுதானே பொலிஸ் சொன்னது? மேட்டு வீட்டு அம்மா விறைச்சுப்போய்க் கிடந்தவ. அவவுக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ, நான் போனது அவசியமோ இல்லையோ எண்டு."

அவ போன் எடுக்கேல்லை. பேனை தாளுக்குமேலை அப்பிடியே நிண்டுது.

"மேட்டு வீட்டுக்கோ?" எண்டு மெல்லக் கேட்டா. "அந்த ஒழுங்கை முழுக்க ஐஸாயிருக்குமே. அதிலை எப்பிடிக் காரை ஏத்தினாய்?"

"ஏத்தேல்லை. கீழை விட்டிட்டு நடந்தனான்."

"ஏன்?"

"ஏத்தியிருப்பன். இறக்கியிருக்க மாட்டன்."

அவ என்னை நிமிந்து பாத்தா. மூண்டு மாசமா என்ரை நாட்டைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ, அண்டைக்குத்தான் என்னைப் பாத்தா எண்டு நினைக்கிறன். பிறகு தாளையும் பேனையையும் மேசையிலை என்ரை பக்கம் தள்ளிவிட்டா.

"நீயே எழுது" எண்டா.

கை இன்னும் விறைப்புத்தான். கோணல் மாணலா எழுதினன். பனியிலை ஓடத் தெரியும். நிக்கவும் தெரியும். திங்கக்கிழமை ஏழு மணிக்கு வருவன்.

அவ வாசிச்சா. ஒரு எழுத்தையும் திருத்தேல்லை. கீழை கையெழுத்து வைச்சா.